‘போடு’ என்று சொல்லக்கூடாத அடுப்பு

அண்ணியின் வலதுகைக் கட்டைவிரல் அந்தச் சிவப்புப் பட்டனுக்கு மேலே, தொட்டும் தொடாமலும் நின்ற அந்த நொடி இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுப் பின்புறம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் நின்றிருந்தாள். முன்னால் இறைச்சி சுடுகிற அந்த கேஸ் கிரில். அதன் மூடி சாத்தியிருந்தது. அண்ணன் கொஞ்சம் தள்ளி, சிலிண்டர் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் துவைத்த துணியைக் கொடியில் உதறிக்கொண்டிருந்தேன். அண்ணி மூக்கைச் சுருக்கினாள். விரலை அப்படியே பின்னுக்கு இழுத்து, நெருப்பைத் தொட்டவள் மாதிரி கையைப் புடவைக்குள் சுற்றிக்கொண்டாள். அந்த விரல் மட்டும் இன்னும் ஒரு நூல் கீழே இறங்கியிருந்தால் இதை எழுத நான் இருப்பேனா தெரியாது. அவள் இருந்திருக்க மாட்டாள்.

நாத்தனாரும் அண்ணியும் என்றால் கீரியும் பாம்புமாக இருக்க வேண்டும் என்று ஊரில் ஒரு எதிர்பார்ப்பு உண்டு. எங்கள் விஷயத்தில் ஊர் ஏமாந்தே போனது. சண்டை போடவில்லை என்று சொல்லவில்லை. போட்டோம், நன்றாகவே போட்டோம். ஆனால் என் அண்ணியைப் பற்றி வெளியாள் ஒரு சொல் குறைத்துச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவளைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் தெரியாது. ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரி, “உன் அண்ணி புராணம் முடிஞ்சா சொல்லு, நான் சாப்பிடப் போகணும்” என்பாள். அந்தப் புராணத்தில் ஒரு காண்டத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணி நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். தையல் மிஷின்கள் வரிசையாக ஓடும் இரைச்சலில் கடைசி மிஷின்காரிக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, அவளுக்குத் தொண்டையில் ஒரு மைக் செட் இருந்தது. எங்கள் வீட்டில் அவள் மெதுவாகச் சொல்வது பக்கத்து வீட்டுக்கு வெறும் சத்தமாகக் கேட்கும். அவள் உரக்கச் சொன்னால் தெருமுனைக்குக் கேட்கும். அடக்கமான பெண் என்று அவளை யாரும் சொன்னதில்லை. அவளும் அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டதில்லை. அந்தக் கம்பெனியை ஒருநாள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணி கையில் வேலை இல்லை. வேறு கார்மெண்ட்ஸில் கூப்பிட்டார்கள், மறுபடி ஹெல்பராக ஆரம்பிக்கச் சொல்லி. ஒரு லைனையே நடத்தியவள் நூல் வெட்டப் போவாளா? அழுதாள்.  அப்புறம், “நான் சமையல் ஆர்டர் எடுக்கப்போறேன்” என்றாள்.

அவள் கைப்பக்குவம் எங்கள் சொந்தத்துக்கெல்லாம் தெரியும். கோழிக்கு அவள் தடவுகிற மசாலாவின் வாசனைக்கே ஆட்கள் வருவார்கள். ஆனால் சொந்தக்காரர்கள் தின்றுவிட்டுப் பாராட்டிவிட்டுப் போவார்கள், ஆர்டர் தரமாட்டார்கள். எங்கள் பக்கம் ஞானஸ்நானம், புதுநன்மை, நிச்சயதார்த்தம் எதுவானாலும், சமையலுக்கு யாரைச் சொல்வது என்பதைக் கோவில் திருவிழா நடக்கும் ஃபீஸ்ட் மைதானத்தில்தான் முடிவு செய்வார்கள். அங்கே ஸ்டால் போட்டவர் சமையலை ருசி பார்த்துவிட்டு, அங்கேயே நின்று பேசி முடிப்பார்கள். ஆக அண்ணிக்கு வேண்டியது அந்த மைதானத்தில் ஒரு மூலை. அதற்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. முந்தின வருஷம் யாரோ வைத்த கரி அடுப்பிலிருந்து பொறி பறந்து ஷாமியானாவின் ஓரம் கருகிவிட்டது. அதிலிருந்து கோவில் கமிட்டி, கிரில் என்ற சொல்லைக் கேட்டாலே முடியாது என்று தலையை ஆட்டியது. அண்ணி விடவில்லை. ஃபாதரிடம் நேரே போய்க் கேட்டாள். கரி வேண்டாம், கேஸ் என்றால் பார்க்கலாம், ஆனால் ஃபீஸ்டுக்கு முந்தின நாள் கமிட்டியின் கண் முன்னால் பத்த வைத்துக் காட்ட வேண்டும், அவர்களுக்குத் திருப்தி என்றால்தான் ஸ்டால் என்றார் ஃபாதர். அண்ணியும் சரி என்று வந்துவிட்டாள்.

அந்த கேஸ் கிரில், அண்ணன் கார் ஓட்டிய வீட்டுக்காரர்கள் ஊரைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனது. இடுப்புயரப் பெட்டி போல, மேலே தூக்கித் திறக்கிற மூடி, உள்ளே வரிசையாகப் பர்னர் குழாய்கள், முன்னால் ஒவ்வொரு பர்னருக்கும் திருகுகிற ஒரு நாப், ஓரத்தில் பொறி தட்டுகிற சிவப்புப் பட்டன். வீட்டு அடுப்பு மாதிரிதானே என்று நாங்கள் நினைத்தோம். இல்லை. வீட்டு அடுப்பு மூடியில்லாமல் எரிகிறது. கொஞ்சம் கேஸ் கசிந்தாலும் ஜன்னலைத் திறந்தால் போய்விடும். இதற்கு மூடி இருக்கிறது. மூடி சாத்தியிருக்கும்போது கேஸ் வந்தால் உள்ளேயே தேங்கி நிற்கும். அதில் பொறி விழுந்தால் மூடி எகிறும், முகம் வெந்துபோகும். இது எல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குக் காரணம் அஜாக்கிரதைகூட இல்லை. எங்கள் பெங்களூர்த் தமிழ்தான் காரணம். கன்னடத்தில் ‘பாகிலு ஹாக்கு’ என்றால் கதவைச் சாத்து. ‘லைட் ஹாக்கு’ என்றால் விளக்கைப் போடு. ஒரே ஹாக்கு, ஓரிடத்தில் மூடும், இன்னோரிடத்தில் திறந்துவிடும். தலைமுறை தலைமுறையாக அந்தப் பேச்சோடு புழங்கியதில் அது எங்கள் தமிழுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் கதவையும் போடுவோம், ஃபேனையும் போடுவோம், மூடியையும் போடுவோம், கேஸையும் போடுவோம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், “கதவைப் போடுன்னா எங்கே போடறது?” என்று சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். அதில் ஆபத்து இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்றைக்கு அண்ணி நாப்களெல்லாம் லேசாகச் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துவிட்டுத் திறந்தபடியே விட்டிருந்தாள். சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டியிருந்தது, ஆனால் திருப்பவில்லை. காற்றில் காய்ந்த இலை ஒன்று பர்னர் மேல் வந்து விழவும், மூடியைச் சாத்தச் சொல்லி அண்ணனைப் பார்க்காமலே, “போடுங்க” என்றாள். சிலிண்டர் பக்கத்தில் இருந்தவர் வேறு எதைப் போடுவார்? ரெகுலேட்டரைத் திருப்பினார். அவர் வராததைப் பார்த்து அண்ணியே மூடியைச் சாத்தினாள். “போட்டாச்சா?” என்று அண்ணன் கேட்டார், அடுப்பைக் கேட்டார். “போட்டாச்சு” என்றாள் அண்ணி, மூடியைச் சொன்னாள். கேஸ் இன்னும் வரவில்லை என்ற எண்ணத்தில், பட்டன் பொறி தட்டுகிறதா என்று பார்க்கக் கையைக் கொண்டுபோனாள். அப்போதுதான் வாசனை வந்தது.

விரலை இழுத்தவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். “ரெகுலேட்டரை அணைங்க” என்றாள். பிறகு ஒரு ஓரமாக நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை மேலே தூக்கினாள். எங்கள் இருவரையும் வேலி வரை தள்ளிக்கொண்டு போனாள். “கேஸ் யார் போட்டது?” என்றாள் அங்கே நின்று.

“நீதானே போடச் சொன்ன,” என்றார் அண்ணன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை வரும் என்று நான் நினைத்தேன். வரவில்லை. யார் மேல் தப்பு என்று சொல்ல அதில் யாருமே இல்லை.  அண்ணி வேலியைப் பிடித்துக்கொண்டு ஜெபமாலையில் ஒரு பத்துமணியை, அதாவது பத்து தரம் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை, சொல்ல ஆரம்பித்தாள். நானும் அண்ணனும் கூடவே சொன்னோம். முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் வாசனை சுத்தமாகப் போயிருந்தது. “சரி, இதுதான் கணக்கு. பத்த வச்சுப் பிடிக்கலைன்னா ஒரு பத்துமணி சொல்ற நேரம் யாரும் கிட்ட வரக்கூடாது” என்றாள் அண்ணி. பயத்தில் சொன்ன ஜெபம் அப்படியே கடிகாரம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் சட்டம் வந்தது. கிரில் பக்கத்தில் நின்று யாரும் ‘போடு’ என்று சொல்லக்கூடாது. ‘திற’, ‘மூடு’, இரண்டே சொல். “ஆன், ஆஃப்னு சொன்னா என்ன?” என்று கேட்டார் அண்ணன். ஃபீஸ்ட் மைதானத்தில் பேண்டு அடிக்கும்போது இரண்டிலும் ‘ஆ’ மட்டும்தான் காதில் விழும், மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்வீர்களா என்றாள் அண்ணி. கார்மெண்ட்ஸ் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றவள் காது அது. அடுத்து இன்னொரு சிக்கல். மூடி என்றாலும் மூடு என்றாலும் தூரத்தில் ஒன்று போலவே கேட்கிறது. ஆகவே மூடிக்குப் பெயர் மாற்றினாள். அது இனிமேல் தொப்பி. தொப்பி மேலே, தொப்பி கீழே. ஒருவர் சொன்னால் மற்றவர் செய்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும் வரை அடுத்த வேலை கிடையாது.

அண்ணன் கிண்டலில் வைத்துச் செய்தார். காலையில் டம்ளரை நீட்டி, “காபிக்குச் சர்க்கரை திறக்கட்டுமா?” என்பார். குளித்துவிட்டு வந்து, “தொப்பி மேலே” என்று தலையைத் துவட்டுவார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அண்ணி அசைந்துகொடுக்கவில்லை. தினமும் விளக்கு வைப்பதற்கு முன் எங்கள் பின்புறத்தில் ஒரு நாடகம் நடக்கும். “தொப்பி?” “மேலே.” “நாப் எல்லாம்?” “மூடியிருக்கு.” “ரெகுலேட்டர் திற.” “திறந்தாச்சு.” அப்புறம் டியூப் மாட்டியிருக்கிற இடங்களில் சோப்புத் தண்ணியைத் தடவி, நுரை கொப்புளம் விடுகிறதா என்று குனிந்து பார்ப்பாள். கொப்புளம் இல்லை என்றால்தான், பக்கவாட்டில் தள்ளி நின்று ஒரே ஒரு நாபைத் திறந்து பட்டனைத் தட்டுவாள். குப் என்று மெல்லிய சத்தத்தோடு நீல நெருப்பு ஓடும். பக்கத்து வீட்டுக் கிழவர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு தினமும் வேடிக்கை பார்ப்பார். அவருக்கே வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஃபீஸ்டுக்கு முந்தின வாரம் மழை பிடித்துக்கொண்டது. கிரிலைத் தார்ப்பாய் போட்டு மூடி ஷெட்டில் ஏற்றிவிட்டோம். சனிக்கிழமை மதியம் வெயில் வந்ததும் வேனில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனோம். வீட்டில் இரண்டு பெரிய அண்டாவில் கோழி மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் பேண்டுக்காரர்கள் ஒத்திகை. ஃபாதர் வந்தார். கமிட்டி செகரட்டரி வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், எதையும் கையோடு முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும் அவருக்கு. சும்மா நின்றவர்களும் கூடிவிட்டார்கள். அண்ணி சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணன் சிலிண்டர் பக்கம் போய் நின்றார். தொப்பி, நாப், ரெகுலேட்டர், சோப்புத் தண்ணி எல்லாம் வரிசையாக ஆனது. கூட்டத்தில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணி முதல் நாபைத் திறந்து பட்டனைத் தட்டினாள். டிக். மறுபடி டிக். பிடிக்கவில்லை.

“மூடு,” என்றாள்.

“மூடியாச்சு,” என்றார் அண்ணன்.

அண்ணி நாபையும் மூடிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.  இன்னொரு தரம் தட்டு, பிடித்துக்கொள்ளும் என்றார் செகரட்டரி. ஒருவர் தீப்பெட்டியை நீட்டினார். காற்று அடிக்கிறது, அந்த மூடியைச் சாத்திவிட்டுத் தட்டிப் பார் என்று ஒரு குரல் வந்தது. ஆளுக்கொரு யோசனை. இன்னொருவர் கிரிலை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். அண்ணி கையைக் கூப்பினாள். லைன் சூப்பர்வைசர் குரலில், மைதானம் முழுக்கக் கேட்க, “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பித்தாள்.

ஃபாதர் இருக்கும்போது ஜெபத்தை யார் நிறுத்துவது? ஃபாதரே சிலுவை போட்டுக்கொண்டு பதில் சொன்னார். செகரட்டரி வேறு வழியில்லாமல் கண்ணை மூடினார். நடந்து வந்தவர் நட்ட மரமாக நின்றார். தோரணம் கட்டியவர்கள் ஏணியிலிருந்தே சேர்ந்துகொண்டார்கள். பேண்டுகூட நின்றுவிட்டது. எதற்கு ஜெபம் என்று எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. பத்துமணியும் முடியும் வரை ஒரு ஆள் கிரில் பக்கம் போகவில்லை. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கண்ணீர் ஒரு பக்கம். இந்த மாதிரி ஒருத்தியை எங்கள் வீட்டுக்கு அனுப்பின மாதாவுக்கு நான் தனியாக ஒரு நன்றி சொன்னேன்.

ஜெபம் முடிந்ததும் அண்ணி கம்பித் தட்டை எடுத்துவிட்டு, பிடிக்காத பர்னரைக் கழற்றி வாயைப் பார்த்தாள். மண். குளவி கூடு கட்டியிருந்தது. மழை வாரத்தில் ஷெட்டுக்குள் சத்தமில்லாமல் குடிவந்திருக்கிறது. கேஸ் போக வழியில்லாமல் நாப் பக்கமே திரும்பிக் கசிந்து நின்றிருக்கும். இன்னொரு பொறி விழுந்திருந்தால் பெட்டிக்கு வெளியே, அண்ணியின் புடவைப் பக்கம்தான் நெருப்பு வந்திருக்கும். அந்த மண்ணை விரலில் தேய்த்து ஃபாதரிடம் காட்டி, உள்ளே பார்க்காமல் கொண்டுவந்தது தன் தப்புத்தான் என்றாள். செகரட்டரி எட்டிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவசரம், அவ்வளவுதான். மற்ற பர்னர்கள் சரியாகத்தானே இருக்கும், அதில் ஒன்றைப் பத்த வைத்துக் காட்டினால் போதும், ஸ்டாலை எழுதிவிடுகிறேன் என்றார். என் மனதுக்குள் நான், ‘காட்டிடு அண்ணி, காட்டிடு’ என்று கெஞ்சினேன்.

“எல்லாத்தையும் கழட்டிப் பார்க்காம இன்னைக்கு நான் பத்த வைக்க மாட்டேன் சார்,” என்றாள் அண்ணி. “ஸ்டாலை வேற யாருக்காவது கொடுக்கறதா இருந்தா கொடுத்துடுங்க.”

 எனக்குத் தெரியும், அவள் கையை விட்டுப் போவது ஒரு மூலை ஸ்டால் இல்லை. அது போனால் திங்கட்கிழமை அவள் நூல் வெட்டப் போக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டேதான் சொன்னாள். செகரட்டரி ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் குளவி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நாளைக்குக் காலைப் பூசை முடிஞ்சதும் நான் வரட்டுமாம்மா?” என்று கேட்டார். உத்தரவு கேட்கிற மாதிரி கேட்டார். அண்ணி சரி என்று தலையை ஆட்டினாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாப் பர்னரையும் கழற்றி, கம்பியும் பிரஷும் வைத்துச் சுத்தம் செய்தோம். இன்னொன்றிலும் மண் இருந்தது. செகரட்டரி சொன்னபடி காட்டியிருந்தால் அதைத்தான் கை தொட்டிருக்குமோ என்னவோ. மறுநாள் காலைப் பூசை முடிந்தது, ஃபாதரும் சொன்னபடி வந்து நின்றார். ஆனால் அண்ணனை ஊர்வலத்தில் மாதா சுரூபம் தூக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தோள் கொடுக்க ஆள் குறைகிறது, மறுக்க முடியாது. சிலிண்டர் பக்கம் நிற்க ஆள் இல்லை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு முன்னால் செகரட்டரி போய் நின்றுவிட்டார். “நான் நிக்கறேன். நீ சொல்றதை நான் திருப்பிச் சொல்லணும், அவ்ளோதானே?” என்றார்.

அண்ணி சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். ரயில்வேக் குரல் சும்மாவா! “திறந்தாச்சு” என்று அவர் சொன்னது ஊர்வலத்தில் போன அண்ணனுக்கே கேட்டதாம். அண்ணி பட்டனைத் தட்டினாள். நீல நெருப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி நின்றது. ஒவ்வொரு பர்னராகப் பிடித்தது. மதியத்துக்குள் அண்டா இரண்டும் காலி. புதுநன்மைக்கு ஒருவர், நிச்சயதார்த்தத்துக்கு ஒருவர் என்று அங்கேயே பேசிவிட்டுப் போனார்கள். அண்ணி மசாலாக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள். என் சேலையிலிருந்து மஞ்சள் கறை போகவே இல்லை. நான் அதைத் தூக்கிப்போடவும் இல்லை.

இன்றைக்கு அண்ணிக்குச் சொந்தமாக வேன் இருக்கிறது, அவள் பெயர் எழுதின வேன். ஹோசூர் ரோடு வரைக்கும் ஆர்டர் போகிறது. பழைய லைனில் இருந்த பெண்கள் சிலர் இப்போது அவளோடு இருக்கிறார்கள். அண்ணன் கார் ஓட்டுவதை விட்டுவிட்டு, “நான் கேஸ் டிபார்ட்மென்ட்” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். ஃபீஸ்ட் மைதானத்தில் தோசைக்கடை, பஜ்ஜிக்கடை, கபாப் கடை எதுவானாலும், அண்ணி ஒரு சுற்று வந்து டியூபையும் பர்னரையும் பார்த்த பிறகுதான் அடுப்பு எரிய வேண்டும் என்று கமிட்டி முடிவே செய்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர் செகரட்டரி. இப்போது அவரால் அதிகம் நிற்க முடியாது, நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் எங்களுக்குப் புது ஃபாதர். ஃபீஸ்ட் அன்று மைதானத்தின் நடுவில் நின்று எல்லா ஸ்டாலுக்கும் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னார். சொல்லிவிட்டு, இனி அடுப்புகள் எரியும் என்று சுற்றிலும் பார்த்தார். ஒருவர்கூட அசையவில்லை. எல்லோரும் நாபில் கை வைக்காமல், மைதானத்தின் கடைசியில் ஒரு பஜ்ஜிக்கடைச் சிலிண்டர் முன் சோப்புத் தண்ணிக் கிண்ணத்தோடு குனிந்திருந்த என் அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தான் ஏதோ ஜெபத்தில் விட்டுவிட்டோமோ என்று ஃபாதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செகரட்டரி நாற்காலியிலிருந்து அவர் பக்கம் சாய்ந்தார்.

“அம்மா இன்னும் சொல்லலை, ஃபாதர்,” என்றார்.